வழித்துணையாகும் மொழித்துணை

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் வழிகாட்டுக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே! கழகத்தின் பொறுப்பாளர்களே! ஊர்ப் பெரியோர்களே! தாய்மார்களே! நாளைய நாளைத் தோளில் சுமக்கவிருக்கும் இளைஞர்களே!

மொழிபெயர்ப்புத் தொழிலைப் பற்றி இளைஞர்களுக்கு விளங்குமாறு பேசுதல் வேண்டும் என விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் மொழிபெயர்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதனாலேயே அத்தொழிலின் அருமை நமக்குத் தோன்றுவதில்லை. இரண்டையும் ஓரளவு அறிந்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால், "இதற்கென்ன, யாரையேனும் கேட்டால் போயிற்று" என்று எண்ணிவிடுகிறோம். ஆதலின், 'யாரையேனும்' கேட்க இயலாத ஓர் இணையை இன்று எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் நடுவிலுள்ள போலந்து நாட்டின் மொழியாகிய போலிஷ் ஒருபுறம். 22 நாடுகள் உறுப்பு வகிக்கும் அரபு நாடுகள் கூட்டமைப்பின் மொழியாகிய அரபு மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே சுற்றுலாவுக்கும் பயணத்திற்கும் உதவும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது எப்படி? அவர் கிடைப்பது ஏன் அரிதாக உள்ளது? தக்கவர் கிடைக்காவிடில் என்ன நேரும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்போமாயின், மொழிபெயர்ப்பு என்பது யாது என்பதே நமக்குத் தெளிவாகிவிடும்.

முதலில், இவ்விரு மக்களும் சந்திப்பது எங்கே என்று பார்ப்போம். போலந்தில் குளிர்காலம் நீண்டது. மார்கழி மாதத்தில் வார்சா நகரில் பிற்பகல் மூன்றரை மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். வெயிலைத் தேடும் போலந்து மக்கள் விமானமேறி எகிப்தின் செங்கடற்கரைக்குச் செல்கின்றனர். ஹுர்கடா, மர்சா ஆலம், ஷர்ம் எல் ஷேக் ஆகிய ஊர்களின் விடுதிகளில் போலிஷ் ஒலி கேட்பது இன்று இயல்பாகிவிட்டது. துனிசியா, மொராக்கோ, ஜோர்தான் ஆகிய நாடுகளுக்கும் அவர்கள் செல்கின்றனர்.

மறுபுறம், வளைகுடா நாடுகளில் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுகிறது. அங்குள்ளோர் குளிர்ச்சியையும் மழையையும் தேடுகின்றனர். துபாய் நகரிலிருந்து வார்சாவுக்கு 2013-ஆம் ஆண்டிலும், கிராக்கூவ் நகருக்கு 2018-ஆம் ஆண்டிலும் நேரடி விமானப் போக்குவரத்துத் தொடங்கியது. அதன் பின்னர் கிராக்கூவுக்குத் தெற்கே, தாத்ரா மலையடிவாரத்தில் உள்ள ஸாக்கோபானே என்னும் மலையூருக்கு அரபுக் குடும்பங்கள் கோடைதோறும் வரலாயின. நாம் நீலகிரிக்குச் சென்றால் மழைக்கு அஞ்சிக் குடை பிடிக்கிறோம். அவர்களோ மழையில் நனைவதற்கென்றே வருகின்றனர். அவ்வூரின் உணவகங்களில் அரபு எழுத்தில் உணவுப் பட்டியல் தொங்குகிறது. கடைகளில் அரபு அறிவிப்புகள் காணப்படுகின்றன.

அறிவிப்பு எழுதுவது எளிதுதானே என்று எண்ணக்கூடாது. அவ்வூரார் விருந்தினர்க்கு ரொட்டியுடன் 'ஸ்மாலெத்ஸ்' என்றொரு பண்டத்தை வைப்பர். அது பன்றிக் கொழுப்பு. அதனை வெறுமனே 'கொழுப்பு' என்றோ 'நெய்' என்றோ அரபில் எழுதிவிட்டால், சொல் ஓரளவு சரியாகவே இருக்கும்; விருந்தினரின் சமய ஒழுக்கமோ கெட்டுப்போகும். 'க்வாஷ்னித்ஸா' என்னும் புளித்த முட்டைக்கோசு வடிசாற்றிலும் பன்றி விலா எலும்பைச் சேர்ப்பது பெருவழக்கு. பெயரை மட்டும் ஒலிபெயர்த்து வைத்தால் உண்பவர் எப்படி அறிவார்? உள்ளே இருப்பது யாது என்று அறிந்து, அதனைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுபவரே மொழிபெயர்ப்பாளர் ஆவார்.

இனி, காலத்தையும் கிழமையையும் பாருங்கள். பயணத்தில் இவ்விரண்டும் பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும். போலிஷில் ஏழரை மணியை 'வ்பூவ் தோ ஓஸ்மெய்' என்பர். அஃதாவது 'எட்டை நோக்கி அரை' என்பது அதன் பொருள். அரபிலோ 'எட்டும் அரையும்' என்றால் எட்டரை மணி. 'எட்டு', 'அரை' என்னும் இரு சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு அரைகுறை அறிவுடையார் ஒருவர் மொழிபெயர்த்தால், பயணி ஒரு மணி நேரம் பிந்தி நிற்பார், பேருந்து போய்விட்டிருக்கும். கிழமைகளிலும் இதே கண்ணிதான். போலிஷில் செவ்வாய்க்கிழமைக்கு 'வ்தோரெக்' என்று பெயர். 'இரண்டாவது நாள்' என்பது அதன் அடிப்படை. அரபில் ஞாயிறே முதல் நாள். எனவே 'இரண்டு' என்னும் பொருளுடைய பெயர் திங்கட்கிழமைக்கு உரியது. போலிஷில் 'நான்காவது நாள்' வியாழன். அரபில் 'நான்காவது நாள்' புதன். வேர்ச்சொல்லை நம்பி மொழிபெயர்த்தவர் ஒரு நாள் முன்னதாகவே விமான நிலையத்தில் நிற்பார்.

எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகம் வழங்கும் 1, 2, 3 என்னும் எண்களை 'அரபு எண்கள்' என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் எகிப்திலும் வளைகுடா நாடுகளிலும் வழங்கும் எண்வடிவங்கள் வேறு. அங்கே ஐந்தின் வடிவம் ஏறத்தாழ நமது பூச்சியத்தைப் போன்ற வட்டம். பூச்சியத்தின் வடிவமோ ஒரு சிறு புள்ளி. ஆறின் வடிவம் நமது 7-ஐப் போன்றது. ஆகவே அறுபத்தைந்து என்று அவர்கள் எழுதியிருப்பது அறியாதவர் கண்ணுக்கு எழுபது எனத் தோன்றும். அறை எண்ணாயின் கதவைத் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். மருந்தின் அளவாயின் என் செய்வது?

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். "இரு தரப்பாரும் சிறிது ஆங்கிலம் அறிந்திருப்பாரே, போலிஷை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை அரபாக்கினால் ஆகாதா?" என்று சிலர் கேட்பர். உண்மையில் பல நிறுவனங்கள் இவ்வழியையே கையாளுகின்றன; கைப்பேசிகளில் உள்ள மொழிபெயர்ப்புப் பொறிகள் பலவும் ஆங்கிலத்தை இடையில் வைத்தே வளர்ந்தன. வகுப்பறையில் முதல் வரிசை மாணவன் காதில் ஒரு தொடரைச் சொல்லி, கடைசி வரிசையில் அதனைக் கேட்டுப் பார்த்த ஆசிரியர்கள் இவ்வழியின் குறையை நன்கறிவர்.

மூன்று சான்றுகள் போதும். போலந்துப் பெண் ஒருத்தி "நான் நோயுற்றிருக்கிறேன்" என்று தன் மொழியில் சொன்னால், சொல்லுபவர் பெண் என்பது அச்சொல்லிலேயே தெரியும். அரபிலும் நோயுற்றவன், நோயுற்றவள் என்று வேறுபாடு உண்டு. இடையில் நிற்கும் ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே போலிஷில் பெண்ணாகப் புறப்பட்ட நோயாளி, ஆங்கிலத்தைக் கடந்து அரபை அடையும்போது ஆணாகிவிடக் கூடும்! மருத்துவமனைப் பதிவேட்டில் இது சிறிய பிழையாகாது.

இரண்டாவது சான்று நமக்கு மிக நெருக்கமானது. தந்தையுடன் பிறந்தாரைச் சித்தப்பா, பெரியப்பா என்றும், தாயுடன் பிறந்தாரை மாமா என்றும் நாம் பிரித்தழைக்கிறோம். அரபிலும் தந்தைவழியார் 'அம்', தாய்வழியார் 'கால்' எனப்படுவர். போலிஷிலும் முறையே 'ஸ்ட்ரிய்', 'வுய்' என்று பிரித்துச் சொல்லும் பழைய வழக்கு உண்டு. ஆங்கிலத்தில் எல்லாரும் 'அங்கிள்'. குழந்தையை அழைத்துக்கொண்டு எல்லை கடக்கும் உறவினர் தந்தை வழியா, தாய் வழியா என்று அதிகாரி கேட்டால், இடையில் தொலைந்த அவ்வேறுபாட்டை யார் மீட்டுத் தருவார்?

மூன்றாவது சான்று மிகவும் நுட்பமானது. போலந்து மக்கள் பேச்சுவழக்கில் 'ஆம்' என்பதற்கு 'நோ' என்று சொல்வதுண்டு. எகிப்து மருத்துவர் ஒருவர், "மார்பு வலிக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலியால் துடிக்கும் நோயாளி தன் தாய்மொழி வழக்கில் 'நோ' என்கிறார். மருத்துவர் 'இல்லை' என்று எழுதிக்கொள்கிறார். அவ்வோர் அசையில் ஓர் உயிர் தொங்குகிறது. இரு மொழியின் வழக்கையும் நேரே அறிந்த ஒருவர் அருகில் இருந்தால் மட்டுமே அது பிழைக்கும்.

அன்புடையீர்! இதனினும் கூர்மையான ஒன்றை இங்குச் சொல்ல விரும்புகிறோம். அயல்நாட்டில் நோயுற்றவர் முன் ஒரு தாளை நீட்டி, "இங்கே கையொப்பமிடுங்கள்" என்பர். அறுவைக்கு ஒப்புதலா, கட்டணத்திற்கு ஒப்புதலா, காப்பீட்டு உரிமையைக் கைவிடும் ஒப்புதலா என்பது அவர்க்குத் தெரியாது. அவர் தம் மொழியில் பெரும் புலவராகவே இருக்கலாம். அந்தத் தாளின் முன் அவர் எழுத்தறியாதவரே. படிக்க இயலாத கடன் பத்திரத்தில் பெருவிரல் ரேகை பதித்த பாட்டன்மாரின் பேரர்கள் நாம். தாளில் இருந்தது ஒன்று, வாயால் சொல்லப்பட்டது வேறு என்பதைப் பின்னாளில் அறிந்து அவர்கள் பட்ட பாட்டை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆதலின், தாளில் உள்ளதை உள்ளவாறு எடுத்துரைக்கும் ஒருவர் அருகில் இருப்பதன் மதிப்பை நம்மினும் நன்கறிந்தவர் யார்? நேர்மையான மொழிபெயர்ப்பாளர், மொழியறியாதவரின் கண்ணாகவும் காதாகவும் நின்று அவர் உரிமையைக் காக்கிறார்.

அத்தகையவரைத் தேடும் முறைக்கு இப்போது வருவோம். தேடுவோர் முதலில் தமக்குத் தாமே சில வினாக்களைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

முதலாவது, எழுத்தா, பேச்சா? எழுத்தை மொழிபெயர்ப்பவர்க்கு அகராதியைப் புரட்ட நேரமுண்டு. பேச்சை உடனுக்குடன் பெயர்த்துரைப்பவர்க்கு மூச்சு விடவும் நேரமில்லை. மாநாடுகளில் ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் பெயர்த்துரைப்போர் இருவராக அமர்ந்து, அரைமணிக்குள் முறை மாற்றிக்கொள்வது அதனாலேயே. ஒன்றில் வல்லவர் மற்றதிலும் வல்லவராக இருப்பார் என்று கொள்ளுதல் ஆகாது.

இரண்டாவது, எத்திசையில்? போலிஷிலிருந்து அரபுக்கா, அரபிலிருந்து போலிஷுக்கா? எழுத்துப் பணியில், எம்மொழியில் எழுத வேண்டுமோ அம்மொழியைத் தாய்மொழியாகவோ அதற்கு நிகராகவோ உடையவரை அமர்த்துதல் நன்று. போலந்து விடுதியின் அறிவிப்பை அரபில் எழுத அரபியரும், எகிப்து விடுதியின் அறிவிப்பைப் போலிஷில் எழுதப் போலந்தினரும் ஏற்றவர்.

மூன்றாவது, எந்த அரபு? நம் தமிழில் எழுத்து நடை ஒன்று, பேச்சு வழக்குப் பல என்றிருப்பது போலவே அரபிலும் உண்டு. அங்கே இடைவெளி இன்னும் பெரிது. 'இப்பொழுது' என்னும் ஒரு சொல்லுக்கு எகிப்தியர் 'தில்வஅத்தி' என்பர். சிரியா, லெபனான் மக்கள் 'ஹல்லஅ' என்பர். வளைகுடாவினர் 'அல்ஹீன்' என்பர். மொராக்கோவினர் 'தாபா' என்பர். சனவரி மாதத்தின் பெயர்கூட எகிப்தில் 'யனாயிர்', ஈராக்கில் 'கானூன் அஸ்ஸானி', துனிசியாவில் 'ஜான்ஃபி'. எழுத்துக்குப் பொதுவான செம்மை அரபு போதும். பேச்சுக்கோ, வரும் விருந்தினர் எந்நாட்டவர் என்று கேட்டறிந்து, அவ்வழக்கை அறிந்தவரைத் தேட வேண்டும். வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய நம் ஊர்த் தோழர்கள் இதனை நன்கறிவர். கடைத்தெருவில் பேசக் கற்ற அரபு கடைத்தெருவில் கைகொடுக்கும். ஒப்பந்தத் தாளைப் படிக்கும்போது அது கைவிட்டுவிடும்.

நான்காவது, எப்பொருள்? உணவுப் பட்டியல், அருங்காட்சியக விளக்கம், மருத்துவச் சான்று, விபத்துக் காப்பீடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். போலந்து உணவகங்களில் 'ரஷ்யப் பிழிகை' என்று தோன்றும் பெயருடைய கொழுக்கட்டை ஒன்று உண்டு. 'பியெரோகி ருஸ்கியே' என்பது அதன் பெயர். உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் உள்ளிட்ட அதற்கும் ரஷ்யாவுக்கும் உறவில்லை. ருதேனியா என்னும் பழைய நிலப்பகுதியின் பெயரால் அமைந்தது அது. உணவின் வரலாறு அறியாதவர் அதனை 'ரஷ்ய உணவு' என்றே அரபில் எழுதுவார்.

ஐந்தாவது, சட்டச் சான்று வேண்டுமா? பிறப்புச் சான்று, திருமணச் சான்று, நீதிமன்றத் தாள் போன்றவற்றை எவரும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போலந்து அலுவலகங்கள் ஏற்பதில்லை. அங்கே 'ஆணையேற்ற மொழிபெயர்ப்பாளர்' என்றொரு வகுப்பார் உளர். 2004-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுக்கு இலக்கணம் வகுத்தது. முதுநிலைப் பட்டம் பெற்று, இரு திசையிலும் எழுதியும் பேசியும் அரசுத் தேர்வில் வென்று, உறுதிமொழி ஏற்ற பின்னரே ஒருவர் அப்பெயரைத் தாங்கலாம். அவர் கையில் தம் பெயரும் மொழியும் பதிவெண்ணும் பொறித்த வட்ட முத்திரை இருக்கும். செய்த பணி ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தல், அறிந்த செய்தியை வெளியிடாது காத்தல் ஆகியவை அவர் கடமைகள். நீதித் துறை அமைச்சர் அவர்களுடைய பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார். தேடுவோர் முதலில் தட்ட வேண்டிய கதவு அப்பட்டியலே.

வேறு கதவுகளும் உண்டு. வார்சா, கிராக்கூவ், போஸ்னான் நகரங்களின் பல்கலைக்கழகங்களில் அரபு கற்பிக்கும் துறைகள் உள்ளன. 1981-இல் தோன்றிய போலந்து மொழிபெயர்ப்பாளர் சங்கமும், 1990-இல் தோன்றிய டெபிஸ் என்னும் சட்டத்துறை மொழிபெயர்ப்பாளர் கழகமும் உள்ளன. செங்கடற்கரையிலோ, போலிஷ் கற்ற எகிப்திய வழிகாட்டிகளும், போலந்துப் பயண நிறுவனங்கள் அமர்த்தியுள்ள பேராளர்களும் உதவுவர்.

ஒருவர் கிடைத்தபின், ஒரு பக்கத்தைக் கூலி கொடுத்துப் பெயர்க்கச் செய்து, இரு மொழியும் அறிந்த வேறொருவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். 2015-இல் வெளியான உலகத் தர விதி 17100, மொழிபெயர்த்தவர் அல்லாத இரண்டாமவர் ஒருவர் மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும் என்று கட்டளையிடுகிறது. நம் பள்ளிகளில் விடைத்தாளை மறுகூட்டல் செய்வது போன்றது இது. மற்றொன்றும் நினைவிற் கொள்க. மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் குழந்தையையோ, வழக்கின் எதிர்த்தரப்பாரையோ மொழிபெயர்க்கச் சொல்லலாகாது. குழந்தை அஞ்சி மறைக்கும். எதிர்த்தரப்பார் வேண்டுமென்றே மறைப்பர்.

கைப்பேசிப் பொறியை அறவே ஒதுக்குமாறு நாம் சொல்லவில்லை. கடைப் பலகையைப் படிக்கவும், வழி கேட்கவும், விலை பேசவும் அது நல்ல துணை. பிழைத்தால் சிரித்துவிட்டுப் போகக்கூடிய இடங்களில் பொறியை நம்புங்கள். பிழைத்தால் அழ வேண்டிய இடங்களில் மனிதரைத் தேடுங்கள்.

இத்தகையோர் ஏன் அரியராக உள்ளனர்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் போலிஷைத் தொழிலுக்கு உதவுமளவு கற்க ஏறத்தாழ 1,100 வகுப்பு மணிகள் வேண்டும். அரபுக்கு 2,200 மணிகள் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் 3,300 மணிகள். போலிஷில் ஏழு வேற்றுமைகள். அரபிலோ ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. எழுத்தும் வலமிருந்து இடமாக ஓடும். இவ்வளவு உழைப்பும் தற்செயலாக யாரிடமும் வந்து சேர்வதில்லை. யாரோ ஒருவர் கற்பித்திருக்க வேண்டும்; யாரோ ஒருவர் கற்பதற்கு வழி திறந்திருக்க வேண்டும்.

வரலாறும் இதனையே காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறிக்கும் போலிஷ் சொல்லாகிய 'த்வுமாச்' துருக்கிய இனத்து மொழியிலிருந்து வந்தது. அரபுச் சொல்லாகிய 'தர்ஜுமான்' ஐரோப்பிய மொழிகளில் 'டிராகோமன்' என்று திரிந்தது. நம் நாட்டில் 'துபாஷி' என்று வழங்கியதும் இத்தொழிலரையே. பதினேழாம் நூற்றாண்டில் வோய்ச்சியெஹ் போபோவ்ஸ்கி என்னும் போலந்து இளைஞர் தாத்தாரியரால் சிறைபிடிக்கப்பட்டு, இஸ்தான்புல் அரண்மனைக்கு அடிமையாக விற்கப்பட்டார். அங்கே இசையும் மொழிகளும் கற்று, அலி உஃப்கி என்னும் பெயருடன் சுல்தானின் அவையில் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். விவிலியத்தைத் துருக்கிய மொழியில் பெயர்த்தார். விலைக்கு விற்கப்பட்ட ஒருவரின் சொல்லை அரசர்கள் காத்திருந்து கேட்டனர் என்றால், அதனைச் செய்தது அவர் கற்ற கல்வியன்றோ?

போலந்தின் கிழக்கே க்ருஷினியானி, போஹோனிகி என்னும் சிற்றூர்களில் மரத்தாலான பழைய பள்ளிவாசல்கள் உள்ளன. அங்கு வாழும் தாத்தாரிய முஸ்லிம்களின் முன்னோர் போலிஷையும் பெலருசிய மொழியையும் அரபு எழுத்தால் எழுதி நூல்கள் செய்தனர். நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தால் எழுதிய அரபுத்தமிழ் மரபை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைவில் உள்ளவை என்று நாம் எண்ணும் மொழிகள் முன்பே கைகோத்திருக்கின்றன.

அண்மைக் காலத்திற்கு வருவோம். லோட்ஸ் என எழுதி ஏறத்தாழ 'வூச்' என ஒலிக்கப்படும் போலந்து நகரில், 1952-ஆம் ஆண்டு அயல்நாட்டு மாணவர்க்குப் போலிஷ் கற்பிக்கும் நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. ஈராக், சிரியா, அல்ஜீரியா முதலிய நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். ஓராண்டு மொழியைப் பயின்று, பின்னர் மருத்துவமும் பொறியியலும் கற்றனர். அதே காலத்தில் போலந்துப் பொறியாளர்கள் ஈராக்கிலும் லிபியாவிலும் பணியாற்றினர். போலந்து அறிஞர் கசிமியேஷ் மிகாவோவ்ஸ்கி 1959-இல் கெய்ரோவில் தொல்லியல் நிலையம் ஒன்றை நிறுவினார். 1976-இல் ஈராக்கிலிருந்து போலந்து சென்ற கவிஞர் ஹாதிஃப் ஜனாபி, போலிஷ் கவிதைகளை அரபுக்குத் தந்தார். வார்சாப் பேராசிரியர் யூசெஃப் பியெலாவ்ஸ்கி, குர்ஆனை அரபு மூலத்திலிருந்தே போலிஷில் பெயர்த்து 1986-இல் வெளியிட்டார். இன்று ஓர் அரபுக் குடும்பம் மலையூர் உணவகத்தில் ஐயமின்றி உண்ண முடிகிறதென்றால், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பறையில் நடந்த பாடமே அதற்கு விதை.

இளைஞர்களே! இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியது யாது? எல்லோரும் போகும் வழியில் நெரிசல் மிகுதி. அரிய இணை ஒன்றைக் கற்றவர்க்குப் போட்டியாளர் சிலரே. போலந்து அரசு 2005-ஆம் ஆண்டு விதிகளில் ஆணையேற்ற மொழிபெயர்ப்பாளர்க்குரிய ஊதியத்தை வகுத்தபோது, மொழிகளை நான்கு தொகுதியாக்கியது. ஆங்கிலமும் ஜெர்மனும் குறைந்த ஊதியத் தொகுதியில் நின்றன. இலத்தீன் அல்லாத எழுத்துடைய, ஐரோப்பியம் அல்லாத மொழிகள் உயர்ந்த தொகுதியில் வைக்கப்பட்டன. அரபு அத்தொகுதியினது. அவ்விலக்கணப்படி நம் தமிழும் அத்தொகுதியினதே என்பதை மறவாதீர்கள்!

கற்கும் வழி அடைபட்டிருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் சிலாவியத் துறையில் போலிஷ் கற்பிக்கப்படுகிறது. போலிஷோ அரபோதான் கற்க வேண்டும் என்பதும் இல்லை. எம்மொழியை எடுப்பினும் அரைகுறையாக நிறுத்தாதீர்கள்; அரைகுறை மொழியறிவு என்ன செய்யும் என்பதை இதுவரை பார்த்தோம். தாய்மொழியைச் செம்மையாக எழுதக் கற்ற பின்னரே அயல்மொழி உங்களிடம் நிலைக்கும். தாய்மொழியில் ஒரு விண்ணப்பத்தைப் பிழையற எழுத இயலாதவர் எம்மொழிக்கும் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆக மாட்டார்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். 3,300 மணி என்பது நாளொன்றுக்கு மூன்று மணியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டு. மகனோ மகளோ அத்தனை காலம் ஒரு புத்தகத்தின் முன் அமர்ந்திருக்கையில், "இதனால் நாளைக்கு என்ன வருமானம்?" என்று வினவி அவர்களை எழுப்பிவிடாதீர்கள். கழகத்தார் மாலை வகுப்புகளில் ஓர் அயல்மொழிக்கும் இடமளிப்பாராயின், வெள்ளி விழாவுக்கு அதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.

மொழி தெரியாத ஊரில், கையில் ஒரு தாளுடன் கலங்கி நிற்கும் ஒருவரிடம் சென்று, "அஞ்ச வேண்டாம், இதில் எழுதியிருப்பதை உள்ளபடி சொல்கிறேன்" என்று அவர் மொழியிலேயே கூறும் தகுதி நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டும். அத்தகுதியைப் பெற முயல்க. பெற்றதை நேர்மையுடன் பயன்படுத்துக. கழகம் வளர்க! கல்வி ஓங்குக!